ஊருக்கெல்லாம் ஒரே ராணி

வண்டிச் சோதனைக்கூடத்தின் மதிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எண்ணெய் ஊறிய ஒரு பெஞ்சு, காற்றடிக்கும் மெஷின், ஆணிக்கு ஆணி தொங்கும் ஸ்பேனர்கள். அதற்கு நடுவே, எவர் வந்து என்ன கேட்டாலும் "ஆயிடும்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு ஒரு மெக்கானிக். பிரேக் பிடிக்கலைண்ணே. ஆயிடும். ஹாரன் கத்த மாட்டேங்குதுண்ணே. ஆயிடும். இன்னைக்கே சோதனைக்குப் போயாகணும்ண்ணே, நாளைக்குன்னா அபராதம். அட, அதுவும் ஆயிடும்யா, உக்காரு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் எங்கேயோ கிடக்கிறது. ஊருக்கு அவர் ஆயிடும் அண்ணன்.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி எதிர்க்கடை அக்கா. சாலைக்கு அந்தப் பக்கம் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவள். ஒரு நாள் யாரிடமோ, "அந்தாளா? எதைக் கேட்டாலும் ஆயிடும்பான். பசையும் கம்பியும் கையில இருந்தா செத்தவனைக்கூட உக்கார வெச்சு, ஆயிடுச்சு கூட்டிட்டுப் போங்கம்பான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது காற்றுவாக்கில் சாலையைத் தாண்டி வந்து சேர்ந்தது. அன்றோடு இரண்டு கடைக்கும் பேச்சு அறுந்தது. ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் அண்ணன் நாலு தெரு தள்ளிப் போய் வாங்கி வருவாரே தவிர, சாலையைத் தாண்ட மாட்டார். ரோஷம் என்றால் உங்கள் வீட்டு ரோஷம் எங்கள் வீட்டு ரோஷம் இல்லை.

சரி, இனி ராணிக்கு வருவோம். ராணியை விட்டுவிட்டு இந்த மனிதரின் கதையைச் சொல்ல முடியாது.

ராணி ஒரு ரிஃப்ளெக்டர். வண்டிக்குப் பின்னால், நம்பர் தகட்டை ஒட்டிச் சிவப்பாக ஒரு வில்லை இருக்குமே, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்குமே, அதுதான். ஒரு டீயின் விலைகூட ஆகாது. ஆனாலும் ஊரில் முக்கால்வாசி வண்டிகளில் அது கிடையாது. வண்டி லேசாக எங்கேயாவது இடித்தால் முதலில் உதிர்வது அதுதான். உதிர்ந்ததைத் தேடிப் போகிறவரும் இல்லை, புதிதாக மாட்டுகிறவரும் இல்லை. "பின்னாடி இருக்கிறது நமக்கா தெரியப்போகுது?" என்பார்கள். கேட்கிறபோது நியாயமாகத்தான் படும்.

ஆனால் சோதனைக்கூடத்தில் இந்த நியாயம் செல்லாது. அங்கே இருந்த அதிகாரி சட்டைப்பையில் ஒரு டார்ச்சோடு திரிகிறவர். டார்ச் சார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பிரேக், விளக்கு, ஹாரன், புகை என்று வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகக் குனிந்து வண்டியின் முதுகில் டார்ச் அடிப்பார். சிவப்பு திரும்பி வந்தால் தகுதிச் சான்றில் முத்திரை. வராவிட்டால், "போய் மாட்டிக்கிட்டு நாளைக்கு வாங்க." காலில் விழுந்தாலும் அதே பதில்தான்.

இதற்கென்றே ஆயிடும் அண்ணன் ராணியைக் கொண்டுவந்தார். பழைய இரும்புக்கடையில், நசுங்கிக் கிடந்த ஒரு பெரிய வண்டியிலிருந்து கழற்றியது. நல்ல அகலம், ரத்தச் சிவப்பு, இடது மூலையில் மட்டும் நகத்தளவு உடைசல். முதுகில் ஸ்பிரிங் தகட்டை வளைத்து ஒரு கிளிப் பொருத்தினார். எந்த வண்டியின் நம்பர் தகட்டிலும் டக்கென்று உட்காரும், டக்கென்று கழன்று வரும். முன்வாசலில் வண்டி உள்ளே போகும்போது ராணி ஏறிக்கொள்வாள். சோதனை முடிந்து பின்வாசலில் வெளியே வந்ததும், மதிலோரம் காத்திருக்கும் அண்ணன் அவளை இறக்கிக்கொண்டு, மதிலைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக வந்து, வரிசையில் நிற்கும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவார். பால்காரர் வண்டி, வாத்தியார் வண்டி, தபால்காரர் வண்டி எல்லாம் ராணி தயவில் பாஸ். அண்ணனுடைய சொந்த வண்டியும் அப்படித்தான். மற்ற நாளில் அதன் பின்பக்கம் மொட்டை. ஊருக்கெல்லாம் ராணியை அனுப்புகிற மனிதருக்குத் தன் வண்டிக்கு ஒன்று மாட்டத் தோன்றவில்லை, போங்கள்.

அவர் மனைவிக்கு இந்தத் தொழில் நுட்பத்தில் துளியும் மரியாதை கிடையாது. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம் ஒருத்தி. ஊரையே அப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க. ஒரு நாள் இந்த ராணி உங்களை நடுத்தெருவுல நிக்க வைக்கப்போறா, பாத்துக்கிட்டே இருங்க" என்பாள். அண்ணன் சிரிப்பார்.

இவ்வளவும் விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தது, அவருடைய தங்கையின் வண்டி அந்த வரிசையில் வந்து நிற்கிற வரைக்கும்.

தங்கைக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். காதோரம் நரை எட்டிப்பார்க்கிற பாப்பா. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. இரண்டு தடவை அழுதுகொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் அண்ணன், "போகப் போக எல்லாம் சரியாயிடும் பாப்பா" என்று சொல்லித் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். மூன்றாவது தடவை அவள் அழவில்லை. ஒரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அது அவர் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்போது அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. மருத்துவமனைகளில் எடுத்த ரத்த மாதிரிகளை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புவது. சொந்த வண்டி வேண்டும். வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். மறுநாள் காலையில் சான்றோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. வேலை நிலைத்தால் ஒரு தனி அறை எடுக்கலாம் என்று அவள் பார்த்தும் வைத்திருந்தாள். "சின்ன ரூம்தான் அண்ணி, ஆனா ஜன்னலைத் திறந்தா வெளிச்சம் கொட்டுது" என்று அண்ணியிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் நாலைந்தைப் பிரித்துக் கூட்டி அண்ணனே அவளுக்கு ஒரு வண்டியும் செய்து கொடுத்திருந்தார். ரிஃப்ளெக்டர் மட்டும் இல்லை. ராணி இருக்கும்போது அது எதற்கு?

"அண்ணா, எதிர்க்கடையில ஒண்ணு வாங்கி மாட்டிட்டா என்ன? ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் பாப்பா.

"எதிர்க்கடையிலயா? என் தங்கச்சி வண்டிக்கா? அவ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. நீ பேசாம இரு. ராணி வருவா, ஆயிடும்."

வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் அது. பாப்பாவுக்கு முன்னால் கறிக்கடைக்காரர் வண்டி. நல்ல மனிதர்தான், ஆனால் ரகசியத்தைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறவர். ராணி அவர் வண்டியில் உட்கார்ந்து உள்ளே போனாள். டார்ச் அடித்தார்கள், முத்திரை விழுந்தது. கறிக்கடைக்காரர் பின்வாசலில் வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்!" என்று பதறிக்கொண்டு, நிற்காமல், மதிலோரம் நின்ற அண்ணனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு ஒரே பறப்பாகப் பறந்தார். அண்ணனும் பாசமாகக் கையை ஆட்டினார். ஆட்டி முடித்த பிறகுதான், போகிறது யார் என்று அவருக்கு உறைத்தது.

முன்வாசலுக்கு ஓடி வந்தார். "பாப்பா, பின்னாடி நிக்கிறவங்களை முன்னாடி விட்டுக்கிட்டே நில்லு. ராணியைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"மூடுற நேரமாகப்போகுதே. ஆயிடுமா அண்ணா?"

"ஆயிடும்!" என்று வண்டியை உதைத்தார்.

கறிக்கடை பூட்டிக் கிடந்தது. "பெண்டாட்டியைக் கூட்டிட்டு வரத் தையல் ஆலைக்குப் போயிருக்கார். லேட்டாயிடுச்சுன்னு அந்தம்மா போன்லயே உறிச்சுட்டாங்க போல" என்றார் பக்கத்துச் சலவைக்கடைக்காரர். ஆலைக்குப் போனால், அந்தம்மாவை ஏற்றிக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பினார், வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் தூறல் இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி மழை. அண்ணன் கண்ணில் விழுந்த தண்ணீரை வழித்து வழித்துப் போட்டுக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் கறிக்கடைக்காரருக்கு அர்ச்சனை செய்துகொண்டு, ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதைக்குள் இறங்கினார்.

உள்ளே விளக்குகள் அணைந்து கிடந்தன. கும்மிருட்டு. அவசரத்தில் அண்ணன் வேகத்தைக் குறைக்கவில்லை. தங்கை அங்கே நிற்கிறாள், எங்கே குறைப்பது? திடீரென்று முன்னால், இருட்டுக்கு நடுவில், ரத்தச் சிவப்பாக ஒன்று கண்ணை விழித்தது. இடது மூலையில் நகத்தளவு உடைசல்.

பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி ஆடி, அலைந்து, அதற்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றது.

கறிக்கடைக்காரர் வண்டிதான். முழங்கால் தண்ணீரில் எஞ்சின் அணைந்து, பின்விளக்கும் செத்து, நடுவழியில் நின்றிருந்தது. அவர் பக்கத்தில் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று பின்சீட்டிலேயே கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு மூச்சு வரவில்லை. அந்தச் சிவப்பு மட்டும் இல்லையென்றால், அவர் வண்டி நேரே அந்தம்மாவின் முதுகில் போய் ஏறியிருக்கும். இத்தனை வருஷமாக ராணியைக் கையில் வைத்திருந்தவர், ராணி எதற்காக இருக்கிறாள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

"அட, ஆயிடும் அண்ணே! கடவுளாப் பாத்து உங்களை அனுப்பியிருக்கார்!" என்று சுரங்கப்பாதையே அதிரக் கத்தினார் கறிக்கடைக்காரர்.

அண்ணன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்தார். வாய் பேசவில்லை, கை மட்டும் வேலை செய்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்விளக்கு மட்டும் என்ன தட்டியும் எரியவில்லை.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு வேன் வந்தது. கடைசி நொடியில் அண்ணன் வண்டியைப் பார்த்து, ஹாரனை அலறவிட்டு, ஒடித்து, தண்ணீரை வாரி எல்லார் மேலும் அடித்துவிட்டுப் போனது. "பின்னாடி ஒரு மண்ணும் இல்லாம நடுரோட்ல நிறுத்தி வெச்சிருக்கியே, நீயெல்லாம் வண்டி ஓட்டலைன்னு யாருய்யா அழுதா?" என்று வேன்காரர் கத்தியது அண்ணன் காதில் விழுந்தது. அவர் தன் வண்டியின் மொட்டை முதுகைத் திரும்பிப் பார்த்தார். பால்காரர் நினைவு வந்தது. வாத்தியார் நினைவு வந்தது. அத்தனை பேரும் இந்த மழையில், எங்கெங்கோ, இதே மொட்டை முதுகோடு போய்க்கொண்டிருப்பார்கள்.

"ராணிக்குத்தானே வந்தீங்க? மறந்தே போயிட்டேன், இந்தாங்க" என்று கறிக்கடைக்காரர் குனிந்து கிளிப்பில் கை வைத்தார்.

"கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி!" என்றாள் மனைவி. "லைட்டும் எரியலை. என் முதுகுக்குப் பின்னாடி இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் கழட்டிக் கொடுத்துட்டு என்னை இந்த இருட்டுல கூட்டிட்டுப் போகப்போறியா?"

நியாயமான கேள்வி. அண்ணன் மழையில் நனைந்த கையை நனைந்த சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். கழற்றினால் பாப்பாவுக்கு வேலை உண்டு, ஜன்னல் வைத்த அறை உண்டு. கழற்றினால் இந்தம்மா இருட்டில் போவாள். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் எல்லாம் தன் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறதே என்று அழுகை முட்டியது.

"இருக்கட்டும்மா. அது உங்களுக்குத்தான். பத்திரமாப் போங்க" என்றார்.

அவர்கள் மேலே ஏறிப் போனார்கள். சிவப்பு ஒரு தடவை மின்னி மறைந்தது. அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஒரு கூரைக்கு அடியில் ஒதுங்கி, போனை எடுத்தார்.

"அண்ணா, ராணி கிடைச்சாளா? ஆயிடுமா?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"இல்ல பாப்பா. ஆகாதும்மா. என்னால ஆகலை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரிண்ணா. நீ மழையில பாத்து வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பி வந்த தூரத்தை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. சோதனைக்கூடத்தின் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் பக்கம், கூரைக்கு அடியில், பாப்பா வண்டியோடு நின்றிருந்தாள். அவள் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்று. முத்திரை ஈரம் காயாமல் இருந்தது.

அண்ணன் சான்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். புத்தம்புது ரிஃப்ளெக்டர் ஒன்று, மூலை உடையாமல், முறையாக நட்டுப் போட்டு முடுக்கியிருந்தது.

"நீ அந்தப் பக்கம் போனே, நான் இந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டிட்டேன்" என்றாள் பாப்பா. "நீ வருவேன்னு நம்பிக்கிட்டு நிக்க நான் என்ன பாப்பாவா?"

"அப்போ நான் போன் பண்ணினப்ப?"

"அப்பவே பாஸ் ஆயிடுச்சு. உன்னைக் கொஞ்சம் சீண்டிப் பாக்கலாம்னுதான் ராணி கிடைச்சாளான்னு கேட்டேன். நீ ஆகாதுன்னே பாரு, எனக்கு வாயே எழும்பலை. பொறந்ததுலேர்ந்து உன் வாயால அதைக் கேட்டதே இல்லியே. யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிட்டேன்." ஒரு கணம் நிறுத்தினாள். "அந்த வார்த்தையை அன்னைக்கே, அந்த வீட்டு வாசல்ல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ண்ணா."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும்" என்றார். முள் கொஞ்சம் நகர்ந்தது.

அப்போது டார்ச் சார் குடையோடு வெளியே வந்தார். "உங்க தங்கச்சி மாட்டியிருக்கிறது நல்ல சரக்கு. நீங்க விக்கிறதுதான் மட்டம். ஊர்ல ஒரு வண்டி பாக்கியில்லாம இடது மூலை உடைஞ்சிருக்கு. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேக்கக் கூடாதா?"

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்று உண்மை பேசுகிற நாள் போலிருக்கிறது.

"கம்பெனி மேல தப்பில்ல சார். எல்லா வண்டியிலயும் இருந்தது ஒண்ணேதான்."

டார்ச் சார் டார்ச்சை ஏற்றினார், அணைத்தார், மறுபடி ஏற்றினார். "அப்போ பால்காரர்?"

"ராணி சார்."

"வாத்தியார்?"

"ராணிதான்."

"என் மச்சான் வண்டி?"

அண்ணன் குனிந்து டார்ச் சாரின் செருப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"ஒருத்தரை விடாம திரும்பக் கூட்டிட்டு வர்றீங்க" என்றார் டார்ச் சார். "அத்தனை முதுகுலயும் புதுசு மாட்டி என் டார்ச்சுக்குக் காட்டறீங்க. இல்லே, அந்தத் தகரக் கொட்டகை இந்த மதில்ல இருக்காது. முதல்ல என் மச்சான்."

எதிர்க்கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆயிடும் அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சாலையைத் தாண்டினார்.

"அக்கா, ரிஃப்ளெக்டர் வேணும். ஒரு பெட்டி நிறைய."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரோட்டைத் தாண்ட இத்தனை வருஷமா? நத்தைகூட எப்பவோ வந்திருக்கும்."

"திட்டறதை உள்ள கூப்பிட்டுத் திட்டுங்க அக்கா. உங்களுக்குத்தான் அந்தப் பெயர் வெச்ச உரிமை இருக்கே. எனக்கு இப்பவே ஒண்ணு வேணும், என் வண்டிக்கு."

"கடைசி ஒண்ணைத்தான் உன் தங்கச்சி வாங்கிட்டுப் போனா. நாளைக்குச் சரக்கு வரும். காலையில வா" என்று சொல்லி, உள்ளே போய், தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

மழை விட்டிருந்தது. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியவில்லை. அண்ணன் வண்டியை எடுத்தார். "நீ முன்னாடி போ பாப்பா. உன் பின்னாடியே நான் வர்றேன்" என்றார். இருட்டில் அவளை எங்கே கூட்டிப் போனாலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

"உன் வண்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

அண்ணன் திரும்பித் தன் வண்டியின் மொட்டை முதுகைப் பார்த்தார்.

"நீ முன்னாடி போண்ணா. பின்னாடி நான் வர்றேன். வர்றவன் யாரா இருந்தாலும் முதல்ல என்னைப் பாத்துட்டுத்தான் உன்கிட்ட வரணும்."

அவர் முன்னால் போனார். வீடு வரைக்கும் அவள் விளக்கு அவர் முதுகில் இருந்தது, அவள் முதுகில் அந்தப் புதுச் சிவப்பு இருந்தது. தெருமுனையில் வேகம் குறைத்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"நாளைக்கு முதல் வேலையா உன் வண்டிக்கு மாட்டிடுவியா?"

"ஆயி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாட்டிடறேன் பாப்பா" என்றார்.